இரும்புக் குதிர்களும் ஆற்காட்டுத் தானியங்களும்

பாலாற்றின் இரு மருங்கிலும் ஏரியையும் கிணற்றையும் நம்பிப் பயிரிடும் ஆற்காட்டுச் சீமையில், நெல் ஆண்டுக்கு மூன்று பட்டங்களில் விளைகின்றது. சித்திரையில் தொடங்கும் சொர்ணவாரி ஆவணி வாக்கில் களத்துக்கு வருகின்றது. சம்பா தைமாதப் பனியில் அறுவடையாகின்றது. நவரை நெல்லோ சித்திரை, வைகாசி வெயிலில் அடித்துத் தூற்றப்படுகின்றது. மூன்று நெல்லும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் சேமித்து வைக்குங்கால் அவற்றின் குணம் ஒன்றன்று. நவரை நெல்லை ஓராண்டுகாலம் கெடாமற் காக்கும் அதே இரும்புக் குதிர், மாலை மழையில் நனைந்த சொர்ணவாரி நெல்லை அவசரப்பட்டு உள்ளே கொட்டினால் ஒரு மாதத்துக்குள் புழுங்கச் செய்து பூஞ்சணம் பிடிக்க வைத்துவிடும். இரும்புக் குதிர் வாங்க விரும்பும் குடியானவர் தகட்டின் கனத்தையும் விலையையும் விசாரிப்பதற்கு முன் இதனை மனத்திற் கொள்ளுதல் அவசியம்.

முன்னாளில் இப்பகுதியில் மண் குதிர்களும், மூங்கிற் சிம்பால் பின்னிச் சாணமும் மண்ணும் பூசிய தொம்பைகளும், வசதியுள்ள வீடுகளில் மரப்பத்தாயங்களும் வழங்கிவந்தன. அவற்றை இழிவாக எண்ணுவதற்கு இடமில்லை. மண்சுவர் தானியத்தின் ஈரத்தைச் சிறிது உறிஞ்சி வெளியே விடும் தன்மையுடையது. பகல் வெப்பமும் அதனுள் எளிதிற் புகாது. ஆனால் எலிக்கும் கறையானுக்கும் அது தடையன்று. வெடிப்புகளில் அந்துப்பூச்சியும் கூன்வண்டும் ஆண்டுதோறும் குடியிருக்கும். இக்குறையை நீக்கும் பொருட்டே இந்திய சர்க்கார் 1965-ஆம் ஆண்டு முதல் நடத்திய தானியப் பாதுகாப்பு இயக்கத்தின் வாயிலாக உலோகக் குதிர்கள் கிராமங்களிற் பரப்பப்பட்டன. உத்தரப்பிரதேசத்தில் ஹாப்பூர் நகரிலுள்ள தானியச் சேமிப்பு ஆராய்ச்சி நிலையம் இதற்குத் துணையாயிருந்தது. பின்னர் 1980-களில் மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த ஹோண்டுராஸ் நாட்டிலும் இதே நோக்கத்துடன் ஒரு திட்டம் தொடங்கப்பட்டு, கிராமத்துத் தகரவேலைக்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, மக்காச்சோளம் சேமிக்கும் சிறு குதிர்களை அவரவர் ஊரிலேயே செய்யும்படி செய்தனர். இம்முறை அண்டை நாடுகளுக்கும் பரவியது. குதிரை ஊரிலேயே செய்வித்துக்கொள்வதில் தாழ்வொன்றுமில்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஈரம்

இரும்புத் தகடு எலியைத் தடுக்கும், கறையானைத் தடுக்கும், மழைநீரைத் தடுக்கும். ஆனால் உள்ளிருக்கும் ஈரத்தையும் அது வெளியே போகவொட்டாமல் தடுக்கும். தானியம் உயிருள்ள பொருளாதலால் சுவாசிக்கின்றது. ஈரம் மிகுந்தால் சுவாசம் மிகுந்து வெப்பமும் நீராவியும் உண்டாகின்றன. பகலிற் சூடேறிய குதிர் இரவிற் குளிரும்போது அந்நீராவி மேல்மூடியின் உட்புறத்தில் துளிகளாகப் படிந்து, மேலடுக்குத் தானியத்தின்மேல் சொட்டுகின்றது. குதிரைத் திறந்தவுடன் மேலே ஒரு சாண் ஆழத்துக்கு நெல் கட்டிபிடித்துக் கறுத்திருக்கக் கண்டு, கூரை ஒழுகிற்றென்று நினைப்பவர் பலர். ஒழுகியது கூரையன்று, நெல்லின் ஈரமே.

குதிரில் இடும் நெல்லில் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்பட்ட ஈரம் இருத்தல் கூடாது. 12 பங்கிருப்பின் மிகவும் நலம். உளுந்து, பச்சைப்பயறு, துவரை ஆகியவற்றுக்கு 9 அல்லது 10 பங்கே மேலெல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களிற் பொதுவாக 17 பங்கு வரை ஈரமுள்ள நெல்லைப் பெற்றுக்கொள்கின்றனர். அங்கே தேறிய நெல் குதிருக்கும் தேறும் என்று கருதுவது தவறு. அந்நெல் விரைவில் அரைவைக்குப் போகவேண்டியது. குதிரில் இடுவதோ மாதக்கணக்கில் மூடியபடி கிடக்க வேண்டியது. விதைத் தர விதிகளைப் பார்த்தாலும் இவ்வேறுபாடு விளங்கும். காற்றோட்டமுள்ள சாதாரணப் பைகளில் வைக்கும் நெல் விதைக்கு 13 பங்கு ஈரம் அனுமதிக்கப்படுகின்றது. நீராவி புகாத உறைகளில் அடைப்பதாயின் 8 பங்குக்கு மேற்படலாகாது. நிலக்கடலை விதைக்கு இவ்விரு எல்லைகளும் முறையே 9-ம் 5-ம் ஆகும். பாத்திரத்தின் வாய் எவ்வளவுக்கெவ்வளவு இறுக்கமாயிருக்கின்றதோ, உள்ளிடும் பொருள் அவ்வளவுக்கவ்வளவு உலர்ந்திருத்தல் வேண்டும்.

உலர்த்துவதால் எடை குறைகின்றதென்பது குடியானவர்களின் நெடுநாளைய மனக்குறை. கணக்கு மெய்தான். 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 13 பங்குக்கு உலர்த்தினால் 92 கிலோ நிற்கும். போன 8 கிலோவும் தண்ணீரே. அத்தண்ணீரைக் காப்பாற்ற முயன்று அரிசியை இழப்பதில் ஆதாயமில்லை.

ஈரத்தை அளக்கும் கருவி ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் கொள்முதல் நிலையங்களிலும் உண்டு. அம்மூர் போன்ற பெரிய கூடங்களுக்கு நெல் ஏற்றிச் செல்வோர் ஒரு பிடி மாதிரியைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். அது கிட்டாவிடத்தில் எளிய சோதனை ஒன்றுண்டு. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டியொன்றில் மூன்றிலொரு பங்கு தானியத்தை இட்டு, வெயிலில் உலர்த்திய உப்புத்தூளை இரண்டொரு கரண்டி சேர்த்து, மூடி, சில நிமிஷங்கள் குலுக்கிப் பின் சற்று நேரம் அசையாது வைக்க வேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 பங்குக்கு மேல் உள்ளது; அந்நெல் மீண்டும் களத்துக்குப் போகவேண்டியதே. ஒட்டாவிடில் 15-க்குக் கீழே என்று மட்டும் அறியலாம். பின்னும் ஒரு நாள் வெயில் காட்டுவது புத்திசாலித்தனம். நெல்லைப் பல்லிடைக் கடித்து ஓசை கேட்கும் பழைய வழக்கமும் அனுபவமுள்ளவர்களிடத்தில் பெரும்பாலும் பொய்ப்பதில்லை. வெயிலிற் சுட்ட நெல்லைச் சூடாகவே கொட்டி மூடுதல் கூடாது. இரவு ஆறவிட்டு மறுநாட் காலையில் இடவேண்டும்.

அளவும் அமைப்பும்

ஒரே பெரிய குதிரைக் காட்டிலும் இரண்டு சிறிய குதிர்கள் மேலானவை. காரணம் இதுவே: கூன்வண்டும் அந்துப்பூச்சியும் வயலிலேயே கதிரில் முட்டையிட்டு நெல்லுடன் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. குதிர் கழுத்தளவு நிரம்பி, மூடி இறுக அடைக்கப்பட்டிருப்பின், உள்ளே மிஞ்சியுள்ள சிறிது காற்றிலிருக்கும் பிராணவாயுவைப் பூச்சிகளும் தானியமுமே செலவழித்துவிடும். அது நூற்றுக்கு மூன்று பங்குக்குக் கீழே இறங்கினால் பூச்சிகள் பிழைப்பதரிது. பாதி வெறுமையான குதிரை நாள்தோறும் திறந்து ஒரு படி நெல் எடுத்தால் பூச்சிக்கு வேண்டிய காற்றை நாமே விநியோகம் செய்கின்றோம். ஆகையால் ஒன்றை எடுத்துப் புழங்கவும், மற்றொன்றை முத்திரையிட்டதுபோல் வைக்கவும் வசதியிருக்க வேண்டும்.

ஐவர் உள்ள வீட்டில் மாதம் 40 கிலோ அரிசி செலவாகுமாயின், ஆண்டுக்கு 480 கிலோ அரிசி. அதற்கு ஏறக்குறைய 720 கிலோ நெல் வேண்டும். நாலு குவிண்டால் கொள்ளும் குதிர்கள் இரண்டு இவ்வீட்டுக்குப் போதும். தகரவேலைக்காரர் சொல்லும் கொள்ளளவை வாங்குவோரே சரிபார்த்துக்கொள்ளலாம். வட்டக் குதிரின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதனை அதனாலேயே பெருக்கி, உயரத்தாற் பெருக்கி, 0.785-ஆற் பெருக்கினால் கனமீட்டர் கிடைக்கும். ஒரு கனமீட்டரில் நெல் சுமார் 575 கிலோ கொள்ளும். 80 சென்டிமீட்டர் விட்டமும் 140 சென்டிமீட்டர் உயரமும் உள்ள குதிரில் 400 கிலோ அடங்கும். தோலோடு கூடிய நிலக்கடலை இதே குதிரில் ஏறக்குறையப் பாதி எடையே கொள்ளும். நெல்லுக்குச் சொன்ன அளவை நம்பிக் கடலைக்கு வாங்கியவர்கள் ஏமாறியதுண்டு.

துத்தநாக முலாம் பூசிய 24 கேஜ் தகடு வீட்டுக் குதிர்களுக்குப் போதுமானது. பெரிய குதிர்களுக்கு 22 கேஜ் வேண்டும். கேஜ் எண் குறையக் குறையத் தகடு கனமாகும் என்பதைப் புதிதாக வாங்குவோர் நினைவில் வைப்பது நன்று. விரலால் அழுத்திப் பார்க்கும்போது உட்சென்று டப்பென்று திரும்பும் தகடு, தானியத்தின் பாரத்தில் வயிறு புடைத்து மூட்டுவாய் விரியும். சுற்றிலும் வளையம்போல் வரிவரியாகப் புடைப்பு எடுத்த குதிர் அதே கனத்தில் அதிக வலிமையுடையது. மூட்டுகள் மடித்துத் தட்டியவையாக இருத்தல் நலம். பற்றவைத்த இடங்களில் வெப்பத்தால் துத்தநாகம் எரிந்துபோவதால் துரு அங்கேயே முதலில் எழும். அவ்விடங்களில் வெளிப்புறமாகத் துத்தநாக வர்ணமோ அலுமினிய வர்ணமோ தடவியிருக்கின்றதா என்று பார்க்க வேண்டும். இருண்ட அறைக்குள் குதிரைக் கொண்டுபோய், உள்ளே ஒரு மின்விளக்கை ஏற்றி மூடினால், வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பூச்சியும் காற்றும் புகும் இடமென்று அறியலாம். வாங்குவதற்கு முன் இச்சோதனைக்கு இசையாத வியாபாரியிடம் வாங்காதிருப்பதே உத்தமம்.

மேல்வாய் ஒரு ஆள் உடல்வளைத்துத் துடைக்கத் தக்க அகலமும், கீழ்வாய் தானியம் தடையின்றி இறங்கத் தக்க சரிவும் உடையதாய் இருக்கவேண்டும். கீழ்வாய் தட்டையாயிருப்பின் ஒவ்வொரு ஆண்டும் ஒரு மரக்கால் பழைய நெல் மூலையில் தங்கிவிடும். அடுத்த ஆண்டுப் பூச்சிக்கு அதுவே விதை.

பழைய பீப்பாய்கள்

இப்பகுதிக்கே உரிய ஆபத்தொன்று இங்கே விரிவாகச் சொல்லத்தக்கது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய இடங்களின் தோல் பதனிடும் தொழிலில் சோடியம் சல்பைடு, குரோம் உப்புகள், கந்தக அமிலம், பார்மிக் அமிலம், சாயங்கள், பூஞ்சணக் கொல்லிகள், மெருகுக்கான கரைப்பான்கள் முதலிய எத்தனையோ சரக்குகள் இரும்புப் பீப்பாய்களிலும் நீலநிறப் பிளாஸ்டிக் பீப்பாய்களிலும் வந்து இறங்குகின்றன. காலியான பீப்பாய் பழைய இரும்புக் கடைக்குச் சென்றால், புதுக் குதிரின் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கும். 200 லிட்டர் பீப்பாயில் 115 கிலோ நெல் கொள்ளும்; தகடும் கனமானது; மூடியும் உண்டு. குடியானவரின் கண்ணுக்கு இதைவிட மலிவான குதிர் வேறில்லை. ஆனால் எத்தனை மலிவானாலும் இதனை வாங்குதல் கூடாது.

தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தையும் கிணற்றையும் என்ன செய்யுமென்பதைப் பாலாற்றுப் படுகைக் குடியானவர்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்ததும், இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக்குவியல் இலட்சக்கணக்கான டன்னாகத் தேங்கிநின்றதும் இச்சீமை அறிந்த செய்திகள். நிலத்திற் பரவிய நஞ்சைக் குறித்து நியாயமாகவே மனம் வருந்துகின்றவர், அச்சரக்கு வந்த பீப்பாயைத் தம் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து, அதில் தம் மக்கள் உண்ணும் நெல்லை நிரப்புவது விந்தையே.

கழுவினால் போய்விடுமென்ற எண்ணம் நஞ்சைவிடக் கெடுதியானது. கிராமங்களிற் பாத்திரத்தின் கறை நீக்கப் புளி தேய்ப்பது வழக்கம். சோடியம் சல்பைடு ஒட்டியுள்ள பீப்பாயில் புளிக்கரைசலோ வேறெந்த அமிலமோ பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். குனிந்து தேய்ப்பவர் மூச்சடைத்து விழ அது போதும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் தெரியும். வாயு மிகுந்தால் மூக்கு மரத்துப்போய் அந்நாற்றமும் தெரியாது. கரைப்பான் இருந்த பீப்பாயின் மேல்தட்டை அறுக்க வாயு விளக்கைப் பிடித்தால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும். இவ்விரண்டுக்கும் தப்பிக் கழுவி முடித்தாலும், மூட்டுவாயின் மடிப்புகளிலும் துருவின் அடியிலும் புகுந்தது போவதில்லை. பிளாஸ்டிக் பீப்பாயின் சுவரோ சரக்கையே ஓரளவு உறிஞ்சி வைத்திருந்து, பின்னர் மெல்ல மெல்லக் கக்கும். 1989-இல் ஜெர்மனி பெண்டாகுளோரோபீனால் என்னும் பூஞ்சணக் கொல்லியைத் தடுத்து, ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் அது காணப்படலாகாது என்று விதித்தபோது, இந்தியத் தோல் வியாபாரம் பெரிதும் தத்தளித்தது. காலில் அணியும் தோலுக்கே இத்தனை கண்டிப்பென்றால், உலையில் இடும் அரிசிக்கு எவ்வளவு வேண்டும்!

சட்டமும் இதனை அனுமதிக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவுகள் விதிகளில், நச்சுச் சரக்குகள் ஒட்டியுள்ள காலிப் பீப்பாய்களும் உறைகளும் அபாயகரக் கழிவாகவே பட்டியலிடப்பட்டுள்ளன. உரிமம் பெற்றவர்களிடம் மட்டுமே அவை போய்ச் சேரவேண்டும். ஊர்ச்சந்தையில் இவற்றை விற்போர் தென்பட்டால் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கவனத்துக்குக் கொண்டுவருதல் தகும். சமையல் எண்ணெய் போன்ற உணவுப் பண்டம் மட்டுமே இருந்ததென்று நிச்சயமாகத் தெரிந்த பீப்பாய் வேறு; அதை வெந்நீரும் சோப்பும் இட்டுக் கழுவி உலர்த்திப் பயன்படுத்தலாம். முகவரிச்சீட்டு கிழிக்கப்பட்ட பீப்பாயை, விற்பவர் என்ன சொன்னபோதிலும், நச்சுப் பீப்பாய் என்றே கொள்க. பூச்சிமருந்து தடவிய விதை வைத்திருந்த குதிரிலும் உணவுத் தானியம் இடலாகாது.

எதற்கு ஏற்றது, எதற்கு ஏலாதது

கேழ்வரகுக்கு இரும்புக் குதிர் வாங்கிப் பணத்தைச் செலவிட வேண்டுவதில்லை. அச்சிறுமணியைப் பூச்சி எளிதில் அண்டாது. உலர்ந்த கேழ்வரகு மண்பானையிலும் தொம்பையிலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். பயறு வகைகளுக்கோ இரும்புக் குதிர் மிகவும் அனுகூலமானது. பயறு வண்டு பெருகும் வேகத்தைக் கண்டவர்கள் இதனை ஒப்புவர். செம்மண் கட்டிய துவரையையும் நன்கு உலர்த்தி இதில் வைக்கலாம்.

நிலக்கடலையில் எச்சரிக்கை தேவை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணந்தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணமென்று பின்னர்க் கண்டறிந்தனர். அஃப்ளாடாக்சின் என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது. மனிதரின் ஈரலையும் அது கெடுக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் நீங்குவதில்லை. ஈரக்கடலையை இரும்பில் அடைப்பது இப்பூஞ்சணத்துக்கு நாற்றங்கால் விடுவதற்கு ஒப்பாகும். நன்கு காயாத கடலையைக் காற்றோட்டமுள்ள இடத்திற் கோணியில் வைப்பதே நல்லது. புளி, உப்பு, வெல்லம் ஆகியவற்றையும் துத்தநாகம் பூசிய குதிரில் இடலாகாது. புளியின் அமிலம் துத்தநாகத்தைக் கரைத்துப் பண்டத்தோடு சேர்க்கும், உப்பு தகட்டை அரிக்கும், வெல்லம் கசியும்.

குதிரை வெட்டவெளியில் நிறுத்துவது பெருந்தவறு. வேலூர்க் கோடையில் வெயில் 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் நாட்கள் பல. அவ்வெயிலில் நிற்கும் தகட்டுக்குள் இருக்கும் விதைநெல்லின் முளைப்புச் சக்தி குன்றும். கூரையின் கீழ், சுவரினின்று ஒரு முழம் தள்ளி, செங்கல்லோ பலகையோ அடுக்கிய மேடையின்மேல் நிறுத்த வேண்டும். பச்சைத்தோல் மண்டியாயிருந்த கட்டடத்தை வாடகைக்கு எடுப்போர், தரையில் ஊறிய உப்பு ஈரத்தை இழுத்துத் தகட்டின் அடிப்பாகத்தைத் தின்றுவிடுமென்பதை அறிந்து, அவ்விடத்தை விலக்குதல் நலம்.

பூச்சி கண்டவுடன் நச்சுவாயு மாத்திரை தேடி ஓடுவது இன்று பெருவழக்காகிவிட்டது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒன்று 3 கிராம் எடையுடையது. அதிலிருந்து ஒரு கிராம் பாஸ்பீன் வாயு எழும். பூட்டிய அறையில் உறங்கும் குடும்பத்தையே அது மாய்க்கும். சர்க்கார் நிறுவனங்களும் உரிமம் பெற்ற பூச்சித்தடுப்பாளர்களும் மட்டுமே நிபுணர் மேற்பார்வையிற் கையாளவேண்டுமென்ற கட்டுப்பாடு அதன்மேல் உண்டு. ஆதலால் மனிதர் வசிக்கும் வீட்டில் இதற்கு இடமேயில்லை. குதிரைக் காலிசெய்து, தானியத்தை வெயிலில் பரப்பிச் சலித்து, குதிரையும் துடைத்து வெயில் காட்டி மீண்டும் நிரப்புவதே வீட்டுக்கு உரிய வைத்தியம்.

கூட்டுறவுச் சங்கக் கிடங்குகள்

சங்கக் கிடங்குகளுக்குப் பெரிய இரும்புக் குதிர்கள் வாங்கலாமா என்ற கேள்வி அவ்வப்போது எழுகின்றது. பஞ்சாபில் மோகா, ஹரியானாவில் கைத்தல் ஆகிய இடங்களில் கோதுமையை மாபெரும் எஃகுக் களஞ்சியங்களில் மூட்டையின்றியே நிரப்பி, தனி ரயில் வண்டிகளிற் தொலைவிலுள்ள நகரங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கின்றது. அது ஒரே பண்டம், ஒரே உடைமையாளர், பெருந்தொகை என்னும் மூன்றும் சேர்ந்தவிடத்துக்கு ஏற்றது. கிராமச் சங்கத்திலோ ஒருவர் பொன்னி கொண்டுவருவார். மற்றொருவர் குண்டுநெல் கொண்டுவருவார். ஈட்டுக்கடன் பெற்றவர் தம் சரக்கையே திரும்பக் கேட்பார். பல பேருடைய நெல்லை ஒரே குதிரிற் கொட்டினால் பின்னர்ப் பிரிப்பதற்கில்லை. ஆதலால் சங்கங்களுக்கு மூட்டைமுறையே பொருந்தும். வாங்கத் தக்க இரும்புச் சாமான்கள் வேறு: மூட்டை அடுக்க அடியில் இடும் சட்டத்தட்டுகள், கோணியைக் கிழிக்கும் கொக்கிக்குப் பதிலாகத் தள்ளுவண்டி, சிந்திய தானியத்தைத் தனியே சேர்க்க மூடியுள்ள வாளி. எலி ஏறாதபடி கதவின் அடிப்பாகத்தில் ஒரு முழ உயரத்துக்குத் தகடு அடிப்பதும் சிறு செலவில் பெரும்பலன் தருவது.

நிரப்பிய குதிரை முதல் மாதத்தில் பதினைந்து நாட்களுக்கொரு முறையும், பின்னர் மாதமொரு முறையும் திறந்து, முழங்கை வரை கையைத் தானியத்தினுள் விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே வெதுவெதுப்புத் தோன்றினாலோ, முக்கல் வாடை வீசினாலோ, மூடியின் உட்புறம் ஈரம் பட்டாலோ, அன்றைய வெயிலிலேயே முழுவதையும் களத்தில் இறக்கிவிடுக. புரட்டாசி, ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் பின்னர் வெயில் கிடைப்பதரிது. ஆகவே சொர்ணவாரி நெல் வைத்திருப்போர் இச்சோதனையை ஆவணி முடிவதற்குள் ஒரு முறையேனும் செய்துகொள்ள வேண்டும்.